கல்குக்சு கடையில் நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்று: உங்களுடையதைச் சொல்லுங்கள்

சியோல்வாசி

குவாங்ஜாங் சந்தையில் ஒரு கல்குக்சு கடை, அதாவது கத்தியால் நறுக்கிய நூடுல்ஸைச் சுடச்சுடச் சாற்றில் தரும் கடை. போன ஜனவரி. நான் கொரியா வந்து மூன்றாவது வாரம். இடம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்: நடுவே வரிசையாகப் பலகைக் கடைகள், சூடேற்றிய பெஞ்சு, எங்கே பார்த்தாலும் ஆவி. உட்கார்ந்ததும் கீழேயிருந்து சூடு ஏறியது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

நான் சைவம். "கோகி பேஜுசெயோ", அதாவது இறைச்சியை எடுத்துவிடுங்கள் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒப்பித்தேன். கடைக்கார அம்மா தலையாட்டினார். மாவைத் தேய்த்து, மடித்து, சரசரவென்று கத்தியால் நறுக்கி, உதறிக் கொதிக்கிற அண்டாவில் போட்டார். மண்டு, அதாவது கொழுக்கட்டை மாதிரி உள்ளே பூரணம் வைத்தது, அந்தத் தட்டைக் காட்டி, 'இது வேண்டாம்தானே' என்று சைகையால் கேட்டு ஓரமாக நகர்த்தினார். (மண்டு என்ற பெயரை வைத்து யாரும் ஜோக் அடிக்க வேண்டாம், எல்லாம் அடித்து முடித்தாயிற்று.)

பாதிக் கிண்ணம் காலி. அவ்வளவு ருசி. அப்புறம் கரண்டியில் ஒரு நெத்திலித் தலை வந்தது. கண்ணோடு.

கரண்டியை வைத்துவிட்டேன். அந்த அம்மா எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். புதிதாக ஒரு பிடி நூடுல்ஸ் நறுக்கி, வேறு பாத்திரத்தில் வெறும் தண்ணீரில் வேகவைத்து, மிளகாய் விழுதும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து என் முன்னால் வைத்தார். எனக்கோ வயிறு புரட்டிக்கொண்டிருந்தது. பணத்தை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். பின்னாலிருந்து "சொன்னிம்! சொன்னிம்!", அதாவது வாடிக்கையாளரே என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

சில்லறை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டாரா, சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூப்பிட்டாரா? இன்றுவரை தெரியாது.

தேஜான் தங்கை

அண்ணா, எனக்கும் ஒரு கிண்ணம் பாக்கி இருக்கிறது.

தேஜானில் தடுக்கி விழுந்தால் கல்குக்சு கடை. போருக்குப் பிறகு அமெரிக்கா அனுப்பிய கோதுமை மாவும், அரிசியைக் குறைத்து மாவு சாப்பிடுங்கள் என்று 1960, 70-களில் அரசாங்கம் சொன்னதும்தான் காரணம் என்பார் எங்கள் பேராசிரியர். ரயில் சந்திப்பு ஊர், மூட்டை எல்லாம் இங்கே வந்துதானே பிரியும்.

மழை நாள், சனிக்கிழமை. காளானும் கீரையும் போட்டு மேசையிலேயே கொதிக்கவைக்கும் கடை. வாசலில் ஒரு விரலைக் காட்டினேன். முதலாளியம்மா இரண்டு கையையும் குறுக்கே போட்டுக் காட்டினார். இரண்டு பேருக்குக் குறைந்து அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். தெரிந்தும் போனது என் தப்பு.

எனக்குப் பின்னால் ஒரு பாட்டி, அவரும் தனி. குடையை மடக்கிக்கொண்டே முதலாளியம்மாவிடம் ஏதோ சொன்னார், என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். அவ்வளவுதான் அறிமுகம். கிம்ச்சியை, அந்தக் காரக் கோஸ் ஊறுகாயை, கத்தரிக்கோலால் நறுக்கி, என் கரண்டியில் இருந்த நூடுல்ஸ் மேல் ஒரு துண்டு வைத்தார். நான் சாப்பிட்டதும் அடுத்த துண்டு. கடைசியில் மிச்சச் சாற்றில் சோறும் முட்டையும் போட்டுக் கிளறுவார்களே, அதில் அடிப்பிடித்த பகுதியைச் சுரண்டி என் பக்கம் தள்ளினார். எங்கள் ஆச்சி அடிச்சோற்றை எனக்குத்தான் வைப்பார்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பாட்டியும் இல்லை, பில்லும் இல்லை. பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லையே எனக்கு. மூன்று மாதம் கொரிய வகுப்பு போனது எதற்கு?

பழைய கொரியாக்காரர்

சியோல்வாசி தம்பி, தப்பு உங்கள் மேல்தான். 11 வருடமாக இங்கே இருப்பவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். 'கோகி' என்றால் இவர்களுக்கு மாடு, பன்றி, கோழி. மீன் அந்தக் கணக்கிலேயே வராது. நீங்கள் கேட்க வேண்டியது 'யுக்சு' பற்றி, அதாவது சாறு எதில் கொதித்தது என்று. நெத்திலியும் கடற்பாசியும் ஒரு வகை. மாட்டுக்கால் எலும்பு ஒரு வகை. கோழி, மட்டி என்று இன்னும் உண்டு. காலையிலேயே அண்டாவில் ஏற்றிவிடுவார்கள், உங்களுக்காக எதையும் எடுக்க முடியாது. கிம்ச்சியிலும் இறால் உப்போ மீன் சாறோ இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்டுவில் காய்கறி என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

சைவத்துக்கு வழி இல்லாமல் இல்லை. கோடையில் கொங்குக்சு கேளுங்கள், சோயாப் பாலில் குளிரக் குளிர நூடுல்ஸ். ஜொல்லா பக்கம் போனால் பாட்கல்குக்சு, காராமணி போலச் சிவப்பாக ஒரு பயறு, அதை அரைத்த குழம்பில் நூடுல்ஸ், அருமையான உப்பு உணவு. எள் மாதிரி ஒரு விதையை அரைத்து ஊற்றும் வெள்ளைச் சாறும் உண்டு, ஆனால் அதன் அடியில் நெத்திலிச் சாறு இருக்கும், ஏமாறாதீர்கள். இன்சாதோங் பக்கம் புத்த மடத்துச் சாப்பாடு போடும் இடங்கள் இருக்கின்றன, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. விலை கடிக்கும்.

அசைவக்காரர்களுக்கு: நாம்தேமுன் சந்தை, ஹோஹ்யோன் நிலையம், 5-ஆம் வாயில். கல்குக்சு கேட்டால் ஒரு சின்னக் கிண்ணம் குளிர் நூடுல்ஸ் சும்மாவே வரும். மியோங்டாங்கில் 1966-லிருந்து இருக்கும் கடைக்குப் போனால் கிம்ச்சியில் பூண்டு மண்டையில் ஏறும், மாலையில் மீட்டிங் இருந்தால் தவிர்க்கவும்.

என் அனுபவமா? வந்த புதிதில் நூடுல்ஸை உறிஞ்சாமல் கடித்துக் கடித்துச் சாப்பிட்டேன், பக்கத்து மேசைக்காரர் பிடிக்கவில்லையா என்று கேட்டார். அவ்வளவுதான்.

இன்னொன்று. நெத்திலியைச் சாற்றில் போடுமுன் தலையையும் குடலையும் கிள்ளிவிடுவார்கள், கொதித்ததும் அள்ளி எடுத்துவிடுவார்கள். கிண்ணத்தில் தலை வர வாய்ப்பில்லை.

சுவோன் பாய்

பெரியவரே, அந்தத் தம்பி வழி கேட்டாரா? திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேனே என்று வருத்தப்படுகிறார். நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள்.

என் கதை மண்டு. அலுவலக விருந்து. நான் பன்றி சாப்பிட மாட்டேன் என்று எங்கள் டீம் லீடருக்குத் தெரியும், அதனால் எனக்கென்று தனியாகக் கிம்ச்சி மண்டு சொல்லியிருந்தார். 'உள்ளே கிம்ச்சிதான், இறைச்சி இல்லை' என்று பெருமையாகத் தட்டை என் பக்கம் தள்ளினார். எனக்குத் தெரியும், பெரும்பாலான கடைகளில் கிம்ச்சியோடு பன்றிக் கொத்துக்கறியும் கலந்துதான் பிடிப்பார்கள். எப்படிச் சொல்வது? அவருக்கு 50 வயது, எதிரில் முழு டீமும் உட்கார்ந்திருக்கிறது.

என் கை போகாததைப் பார்த்து, அவரே ஒன்றைச் சாப்ஸ்டிக்கால் பிளந்தார். தோஃபு, முளைப்பயறு, கண்ணாடி நூடுல்ஸ், நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு உருண்டை. அடுத்ததைப் பிளந்தார். அதிலும். ஏதாவது ஒன்றிலாவது இருக்காதா என்று தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிளந்துகொண்டே போனார். மேசையில் பேச்சே இல்லை. ஐந்தாவதில் நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மேலதிகாரியின் கையைப் பிடித்தது சரியா தவறா என்பதே எனக்கு இன்னும் புரியவில்லை. பிளந்த பத்தையும் அவரே தின்று தீர்த்தார். அப்புறம் எனக்கென்று ஒரு முட்டைப் பொரியல் வந்தது.

அன்றிலிருந்து விருந்து என்றால் கடையின் பெயரை முதல் நாளே எனக்கு அனுப்பிவிடுகிறார்.

பழைய கொரியாக்காரர்

ஐந்தாவதில் நிறுத்தினீர்கள் என்றால், பிளந்த பத்து எங்கிருந்து வந்தது?

சுவோன் பாய்

ஐயா, ஐந்து பிளந்தது, ஐந்து பிளக்காதது. மொத்தம் பத்து. போதுமா?

ஜொல்லா மருமகள்

பாட்கல்குக்சு 'அருமையான உப்பு உணவு' என்று எழுதியவர் ஜொல்லாவில் எந்த வீட்டில் சாப்பிட்டார்? நான் க்வாங்ஜுவில் வாழ்க்கைப்பட்டவள். மேசையில் உப்பும் இருக்கும், சர்க்கரை டப்பாவும் இருக்கும், கை தானாகச் சர்க்கரைப் பக்கம்தான் போகும். இன்னொன்று, சியோலில் பாட்ஜுக் என்றால் அரிசி போட்ட கஞ்சி, எங்கள் பக்கம் அதே பெயரைச் சொன்னால் நூடுல்ஸ் போட்டதுதான் வரும்.

முதல் தடவை மாமியார் சந்தைக் கடைக்கு அழைத்துப் போனார். நான் காரமான குழம்பு என்று நினைத்துப் பையில் நார்த்தங்காய் ஊறுகாய் வேறு கொண்டுபோயிருந்தேன். அவர் என் கிண்ணத்தில் மூன்று கரண்டி சர்க்கரை கொட்டினார். சுடச்சுடச் சேமியாப் பாயசத்தில் பருப்பை அரைத்து விட்ட மாதிரி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. யாரும் பார்க்காத மாதிரி ஊறுகாயை எடுத்து ஒரு துளி நக்கினேன்.

மாமியார் பார்த்துவிட்டார். டப்பாவை வாங்கி, ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. சோறு இல்லாமல் தின்னக் கூடாதா என்று கடைக்காரியிடம் சோறு கேட்டார். டப்பா காலி. அம்மா ஊரிலிருந்து அனுப்பிய கடைசி டப்பா அது. எனக்கு அவர் மேல் வந்த கோபம் நியாயமானதுதானா?

பழைய கொரியாக்காரர்

உப்பு போட்டும் சாப்பிடலாம் என்றுதான் சொன்னேன். நெத்திலித் தலைக்கு இன்னும் பதில் வரவில்லை.

சியோல்வாசி

ஐயா, கண் இருந்தது. கண் எங்கே இருக்குமோ அதை நான் தலை என்றுதான் சொல்வேன்.

அதற்கப்புறம் இரண்டு முறை போனேன். ஒரே மாதிரிச் சிவப்பு ஏப்ரன், ஒரே மாதிரி அண்டா, எது அந்தக் கடை என்று பிடிபடவில்லை. இரண்டாம் தடவை ஒருவர் மாவு மடிக்கிற விதத்தைப் பார்த்து இவர்தான் என்று எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து, "சாப்பிட என்ன?" என்றார். அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. நான் தடுமாறி, பக்கத்தில் இருந்த பாசிப்பயறு அடையைக் காட்டி அதைத் தின்றுவிட்டு வந்தேன்.

இந்தச் சனிக்கிழமை மறுபடி போகிறேன், ஜோங்னோ 5-கா நிலையத்தில் பதினொரு மணிக்கு. கொரியன் நன்றாகப் பேசுகிறவர் யாராவது கூட வருகிறீர்களா? தேஜான் தங்கை, உனக்கு ரயில் தூரம்தான், இருந்தாலும் கேட்கிறேன்.