பல் டாக்டர் பலகையில் இருக்கும் எண் எந்த மாநிலத்து எண்?

சித்தூர்க்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் படிப்பை முடித்து ஒரு மாநிலத்தில் பதிந்துவிட்டால் போதும், இந்தியா முழுக்க எங்கே வேண்டுமானாலும் கிளினிக் போடலாம். எல்லை தாண்டிக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணோடு உட்கார்ந்திருக்கும் டாக்டர்களைக் குறை சொல்பவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள்." டிரைவிங் லைசென்ஸ் மாதிரி நினைத்துவிட்டார் போல. 1948-ஆம் வருடத்துப் பல் மருத்துவர் சட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பதிவேடு. நாலு வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், அப்புறம் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பெயர் ஏறும். சென்னையில் ஏறிய பெயர் திருவனந்தபுரத்தில் தானாக ஏறிவிடாது. வேறு மாநிலத்தில் தொழில் செய்கிறவர் பணம் கட்டி மனுப் போட்டால், பழைய பதிவேட்டில் பெயரை எடுத்துப் புதிய பதிவேட்டில் சேர்க்க டெல்லியிலிருந்து உத்தரவு வரும். இதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு பதிவு எங்கும் செல்லும் என்றால் அந்தப் பிரிவை எதற்கு எழுதி வைத்தார்கள்?

பொள்ளாச்சி சிவா:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். 49-ஆம் பிரிவை நீங்களே எடுத்துப் படியுங்கள். பதிவு இல்லாதவர் தொழில் செய்யக் கூடாது, அவ்வளவுதான். பதிவு உள்ள ஆளைப் போலி டாக்டர் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

சித்தூர்க்காரன்:
போலி என்று நான் எங்கே சொன்னேன்? பலகையில் இருக்கும் எண் எந்த மாநிலத்து எண்? கேட்டது அது ஒன்றுதான்.

மீனாட்சிபுரம் வேலு:
எங்கள் கிழவிகளுக்கு வாய்க்குள் எங்கே வலிக்கிறது என்று தமிழில் சொன்னால்தான் வரும். "ஈறு விறுவிறுங்குது"ன்னு சொன்னால் புரிந்துகொள்ள ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்தால், அவரிடம் போய் நம்பர் கேட்பீர்களா? கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்டில் நிற்கிற ஆள் மாதிரிப் பேசுகிறீர்கள்.

சித்தூர்க்காரன்:
எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க வேண்டாம் வேலு. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் கொச்சி ராஜாவிடம் இருந்த காலத்திலேயே எங்கள் வீட்டில் தமிழ்தான். கேரளத்தில் பதிந்த தமிழ் டாக்டர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் பலகையில் கேரள எண் இருக்கிறது. இந்தப் பலகையில் இருப்பது எந்த மாநிலத்து எண்?

கோவை பல்மருத்துவர்:
நான் இதே தொழிலில் இருப்பவள். எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள். பதிவை மாற்றினால் பழைய மாநிலத்துப் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். இரண்டு பக்கமும் பெயர் வைத்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் வழி இல்லை. காலையில் பொள்ளாச்சியிலும் சாயங்காலம் கொழிஞ்சாம்பாறையிலும் நோயாளி பார்க்கிறவர் என்ன செய்வார்? கேரளாவுக்கு மாற்றினால் பொள்ளாச்சி கிளினிக்குக்கு இதே கேள்வி வரும். நோயாளி பஸ் ஏறி இரண்டு பக்கமும் வருகிறார். பதிவேடுதான் வாளையாற்று எல்லையோடு நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள், டாக்டரைத் திட்டாதீர்கள்.

சித்தூர்க்காரன்:
டாக்டர், மரியாதையோடு சொல்கிறேன். கஷ்டம் உங்களுடையது, பல் எங்களுடையது.

என் அம்மாவுக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார்கள். கிளினிக் பெயர் வேண்டாம். முறுக்கு கடிக்கும்போது கேப் கையோடு வந்துவிட்டது. உள்ளே பல் கறுத்து, ஓரம் உடைந்து கிடந்தது. கேட்கப் போனால் ஷட்டர் பூட்டியிருக்கிறது, பலகையைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் நாலு ஆணி மட்டும் இருக்கிறது. ரசீதைத் தேடி எடுத்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு எண். தமிழ்நாட்டுப் பதிவு. பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் ரசீதிலும் மருந்துச் சீட்டிலும் போட வேண்டும் என்று 2014-ஆம் வருடத்து நெறிமுறை விதி சொல்கிறது. நோயாளி புகார் கொடுக்க ஒரு பிடி வேண்டும் என்றுதானே அது? ஆளின் பெயர் கேரளப் பதிவேட்டிலேயே இல்லை என்றால் கேரளக் கவுன்சில் எந்தப் பெயரை நீக்கும்?

பொள்ளாச்சி சிவா:
தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். தபால் போகாதா? அது வேண்டாம் என்றால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. மருத்துவ சேவையும் அதில் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பாலக்காடு உங்களுக்குத் தூரமா?

சித்தூர்க்காரன்:
நுகர்வோர் நீதிமன்றம் பணம் வாங்கிக் கொடுக்கும் தம்பி. பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்காது. அந்த ஆள் அடுத்த ஊரில் ஷட்டரைத் தூக்கிவிடுவார்.

பொள்ளாச்சி சிவா:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கும் பேத்தி இருக்கிறாள். போன தடவை ரேஷன் கார்டு விவாதத்திலும் இப்படித்தான் எல்லோரையும் தம்பி, தம்பி என்று தட்டி உட்கார வைத்தீர்கள்.

பழனியம்மாள் பேரன்:
நடுவில் வருகிறேன். எங்கள் அப்பாரு காலத்தில் சந்தைக்கு ஒருத்தர் வருவாராம். படிப்பு ஒன்றும் கிடையாது. பல் செட் கட்டுவார், பிடுங்குவார். அவரிடம் கவுன்சில் பதிவு இருந்தது என்பார்கள். அது எப்படி?

சித்தூர்க்காரன்:
இருந்திருக்கலாம். 1948 சட்டத்தில் பதிவேட்டுக்கு இரண்டு பகுதி. பட்டம் வாங்கியவர்கள் ஏ பகுதி. பட்டம் இல்லாமல், குறிப்பிட்ட தேதிக்கு முன்பே ஐந்து வருடமாவது இதையே பிழைப்பாகச் செய்தவர்கள் பி பகுதி. அப்போது பல் மருத்துவக் கல்லூரி எத்தனை இருந்தது? கல்கத்தாவில் 1920-இல் ஒன்று தொடங்கியது. சென்னைக்கு 1953-இல்தான் வந்தது. இருந்த கைகளைத் தூக்கி எறிய முடியாது என்று அவர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அந்தச் சந்தை ஆளுக்குக்கூட ஒரு மாநிலப் பதிவேட்டில் இடம் இருந்தது. இவருக்கு ஏன் இங்கே இல்லை?

பழனியம்மாள் பேரன்:
பதிவே இல்லாத ஆள் பிடுங்கினால் குற்றமா?

சித்தூர்க்காரன்:
அவசரமாக இருந்து, பதிவான டாக்டர் யாரும் கிடைக்காவிட்டால், மயக்க மருந்து எதுவும் கொடுக்காமல் யாரும் பிடுங்கலாம். 49-ஆம் பிரிவிலேயே அந்த விலக்கு இருக்கிறது. எம்.பி.பி.எஸ். பதிவு உள்ள டாக்டருக்கும் விலக்கு உண்டு.

பொள்ளாச்சி சிவா:
நன்றாக இருக்கிறது! ஊசி போடாமல் சலூன்காரர் பிடுங்கலாம், எம்.பி.பி.எஸ். பிடுங்கலாம், ஐந்து வருடம் பல்லை மட்டுமே படித்தவர் செக்போஸ்ட் தாண்டி வந்தால் தொடக் கூடாது. இதுதான் உங்கள் சட்டமா?

சித்தூர்க்காரன்:
தொடக் கூடாது என்று சொல்லவில்லை. பதிவை மாற்றிக்கொண்டு தொடட்டும். வருடா வருடம் புதுப்பிக்கிற பதிவுதானே, அதை இங்கே புதுப்பிக்கட்டும். கிளினிக்குக்கும் 2018 கேரளச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். அதையும் கேட்டுப் பாருங்கள். இத்தனை பேசியும் பலகை எண் எந்த மாநிலம் என்பதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கோவை பல்மருத்துவர்:
நீங்கள் 1948-ஐயே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அதை மாற்றத்தான் 2023-இல் பார்லிமென்டில் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதில் தேசியப் பதிவேடு உண்டு.

சித்தூர்க்காரன்:
மாநிலப் பதிவேடும் உண்டு, டாக்டர். மாநிலக் கவுன்சிலும் உண்டு. பட்டம் முடித்தவர் தொழிலுக்கு வர நாடு முழுக்க ஒரே வெளியேறும் தேர்வு என்பதும் அதில் இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிட்டீர்களே.

கோவை பல்மருத்துவர்:
தேர்வுக்கு நான் பயந்தவள் இல்லை. கடைவாய்ப்பல்லில் மூன்று வேர்க்கால்வாயைத் தேடி, சுத்தம் செய்து, நிரப்பி முடிப்பது என்ன வேலை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். கேப் கழன்றால் டாக்டர் திருடனா? வேர் சிகிச்சை செய்த பல்லில் முறுக்கைக் கடிக்க யார் சொன்னது?

சித்தூர்க்காரன்:
எழுபது வயதுப் பொம்பளை தன் வீட்டு முறுக்கைத் தின்றது குற்றமாகிவிட்டது. கேப் போட்டதே மெல்லத்தானே? டாக்டர்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்ததுதான்.

மீனாட்சிபுரம் வேலு:
கேரள எண், கேரள எண் என்று இத்தனை பாசமா? ஆழியாற்றுத் தண்ணீர் என்று வரும்போது மட்டும் தமிழ்நாட்டைப் பார்த்துக் கை நீட்டுகிறீர்கள்.

சித்தூர்க்காரன்:
கை நீட்டவில்லை. 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் மணக்கடவு அணையில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. எங்களுக்கு எழுதியிருக்கிறது. அது பங்கு, பிச்சை இல்லை. பல்லைப் பற்றிப் பேச வந்த இடத்தில் தண்ணீரை ஏன் இழுக்கிறீர்கள்?

மீனாட்சிபுரம் வேலு:
எழுதியது எழுதியபடிதான் நடக்க வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். மழை இல்லாத வருடம் அணையில் இல்லாத தண்ணீரை எங்கிருந்து திறப்பார்கள்?

பொள்ளாச்சி சிவா:
அதைக் கேளுங்க வேலு அண்ணா. எங்கள் பக்கத் தென்னை காய்ந்து நின்றபோது இவர் எங்கே இருந்தார்?

சித்தூர்க்காரன்:
என் வயலில் நாற்று கருகிப்போய் நின்றபோது நீங்கள் எங்கே இருந்தீர்களோ, அங்கேதான் இருந்தேன். திறந்த தண்ணீர்க் கணக்கு என்னிடம் இருக்கிறது. நாளைக்கு மாதவாரியாகப் போடுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.