வீட்டுக் கோழி முட்டையில ஈயம், உங்க யாருக்காவது இந்த மாதிரி ஆயிருக்கா?

புறநகர்_அம்மா:
நாங்க ஆஸ்திரேலியாவுல ப்ரோக்கன் ஹில்ல இருக்கோம், வந்து 3 வருஷம் ஆச்சு. 1883ல இங்க தாது கண்டுபிடிச்சதுல இருந்து வெள்ளி, ஈயம், துத்தநாகம்னு தோண்டிட்டே இருக்காங்க, ஊரு நடுவுலயே கருப்பா ஒரு மலை மாதிரி சுரங்கக் கழிவு நிக்கும். காத்தடிச்சா ஜன்னல் ஓரமெல்லாம் தூசி. கடை முட்டையில ருசியே இல்லன்னு வீட்டுக்காரர் 5 கோழி வாங்கி பின்னாடி விட்டாரு. மஞ்சக்கரு அப்படியே ஆரஞ்சு கலரு, ஊருல அம்மா வீட்டு நாட்டுக்கோழி முட்டை மாதிரியே இருந்துச்சு. அம்மாவும் போன் பண்ணும்போதெல்லாம் குழந்தைக்கு தினம் ஒரு முட்டை குடுடின்னு சொல்லுவாங்க, நானும் ஒன்றரை வயசுப் பொண்ணுக்கு விடாம அவிச்சுக் குடுத்தேன்.

இந்த ஊருல சின்னப் பிள்ளைங்களுக்கு ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாப்பாங்க, விரல்ல குத்தி ஒரு சொட்டு தான். இவளுக்கு ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்துக்கு 11 மைக்ரோகிராம்னு வந்துச்சு. 5க்கு மேல போனாலே எங்கிருந்து வருதுன்னு தேடணும். நர்ஸ் கேட்ட முதல் சில கேள்வியிலயே "கோழி வளக்கறீங்களா"ன்னு வந்துச்சு, எனக்கு கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு. பிள்ளை நல்லாத்தான் ஓடி ஆடிட்டு இருந்தா, வெளிய எதுவுமே தெரியல.

சிட்னிவாசி:
அக்கா, சுரங்கமே இல்லாத இடத்துலயும் இது இருக்கு. நாங்க சிட்னி உள்பகுதியில பழைய வீடு. அந்தக் காலத்து பெயிண்ட், ஈயம் கலந்த பெட்ரோல் (இங்க 2002ல தான் நிறுத்துனாங்க) எல்லாம் மண்ணுலயே தங்கிடுச்சு. மக்வாரி பல்கலைக்கழகத்துக்காரங்க சிட்னியில 55 வீட்டுல கோழியையும் முட்டையையும் மண்ணையும் டெஸ்ட் பண்ணி 2022ல சொன்னாங்க, வீட்டு முட்டையில சராசரியா கடை முட்டையை விட 40 மடங்குக்கு மேல ஈயம். நான் அதைப் படிச்சிட்டு தான் மண்ணை அனுப்பினேன், அவங்க கோழிக்கு ஆகாதுன்னு சொன்ன அளவை விட எங்க மண்ணு அதிகம். கோழி நாள் பூரா மண்ணைக் கிளறி கொத்தித் தின்னுட்டே இருக்கும்ல, அதான் வழி.

மழைக்காடு:
நான் பிரிட்டன்ல, வேல்ஸ்ல அபெரிஸ்ட்வித் பக்கம். இங்க பெரும்பாலான ஈயச் சுரங்கம் மூடி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா ஆத்துல வெள்ளம் வந்தா அந்தப் பழைய கழிவு கரையோர வயல்ல வந்து படியுது. 2012 வெள்ளத்துக்கு அப்புறம் அந்தப் புல்லுல செஞ்ச தீவனத்தைத் தின்னு மாட்டுக்கெல்லாம் ஈய விஷம் ஏறிச்சு. ரோட்டோரம் பெட்டி வெச்சு முட்டை விப்பாங்க, ஆத்தங்கரை பண்ணைன்னா நான் வாங்குறதில்ல, பொண்ணு கேட்டு அழுதாலும் சரி.

புறநகர்_அம்மா:
எல்லாருக்கும் நன்றிப்பா. ஒருத்தர் இன்பாக்ஸ்ல நல்லா வேக வெச்சா போயிடுமான்னு கேட்டாங்க, போகாது, ஈயம் கிருமி இல்ல, வேக வெச்சாலும் பொரிச்சாலும் அப்படியே தான் இருக்கும். கழுவுறதும் பிரயோஜனம் இல்ல, அது முட்டைக்கு உள்ள இருக்கு. உடம்பு ஈயத்தை கால்சியம் மாதிரியே எடுத்துக்குமாம், கோழி ஓடு கட்டுறதுக்காக எலும்புல கால்சியத்தை சேத்து வெச்சு எடுக்கும்ல, அதோட இதுவும் சேந்து வந்துடுது. அதனால நல்ல மண்ணுக்கு மாத்தினாலும் உடனே சரியாகாது.

நாங்க முட்டையை அன்னைக்கே நிறுத்திட்டோம். கூட்டை சிமெண்ட் தரைக்கு மாத்தி, வெளியில இருந்து டெஸ்ட் பண்ணின மண்ணு வாங்கிப் போட்டோம், தீவனத்தை தரையில வீசாம டப்பாவுல வைக்கிறோம். வீட்டை ஈரத்துணியால தான் துடைக்கிறேன், செருப்பு வாசல்லயே. 8 மாசம் கழிச்சு பொண்ணுக்கு 7. முட்டை மட்டும் தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், தூசியும் இருக்கு. அம்மாகிட்ட இன்னும் முழுசா சொல்லல, தினம் ஒரு முட்டை குடுன்னு சொன்னது அவங்க தானே, மனசு உடைஞ்சிடுவாங்க. அடுத்த டெஸ்ட் மார்ச்சுல.