சார்னோக்கைட்டில் ஜிர்கான் வயது: பிஎச்டி முதல் வருஷம், எங்கே தவறும்?

கூழாங்கல்:
ஜியாலஜி எம்.எஸ்சி. முடித்து, ஜேஆர்எஃப் உதவித்தொகையில் பிஎச்டி சேர்ந்திருக்கிறேன். மதுரை பிளாக் என்ற பழம்பாறைப் பகுதியின் வடக்கு, பாலக்காடு–காவிரி ஷியர் ஸோன் என்ற, பாறைகள் நசுங்கி நழுவிய பட்டைக்குத் தெற்கே இருக்கும் சார்னோக்கைட்தான் (ஹைப்பர்ஸ்தீன் கனிமம் உள்ள, கிரானைட் போன்ற பாறை) களம். அதிலுள்ள ஜிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம்–ஈய முறையில் வயது பார்க்க வேண்டும். துறையில் கிரஷரும் மைக்ரோஸ்கோப்பும் உண்டு. லேசரால் மணியில் சிறு புள்ளியைச் சுட்டு ஐசோடோப்புகளை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்கு வெளியூர் போக வேண்டும். எத்தனை கிலோ கல் எடுப்பது? ஒரே கல்லில் 250 கோடி, 55 கோடி ஆண்டுகள் என இரண்டு வயது வந்தால் எதைப் பாறையின் வயது என்று எழுதுவது?

கருங்கல்64:
சார்னோக்கைட்டுக்கு 3 முதல் 5 கிலோ போதும். ஜிர்கான் அரிதான காப்ரோ வகை என்றால் 15 கிலோ சுமந்து வந்தும் கை வெறுமையாகலாம். பழுப்பேறிய மேல்தோலைத் தட்டி எறிந்துவிட்டு, எண்ணெய் பூசியது போல் பச்சையோடிய உள்கல்லை எடுங்கள். உடைக்கும் முன்பே, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் மெல்லிய சீவலான தின் செக்‌ஷனுக்கு ஒரு துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

உடைத்து 250 மைக்ரானுக்குக் கீழ் சலித்து, தண்ணீரில் அரித்து, காந்தம் ஓட்டிய பின் புரோமோஃபார்ம் என்ற கன திரவத்தில் (அடர்த்தி 2.89) இடுங்கள். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும். ஆனால் ஜிர்கானோடு ஹைப்பர்ஸ்தீன், கார்னெட் எல்லாம் சேர்ந்தே அடியில் இறங்கும். அவற்றை ஃபிரான்ட்ஸ் காந்தப் பிரிப்பானில்தான் கழிக்க முடியும். புரோமோஃபார்ம் நச்சு, ஃபியூம் ஹுட் இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

பலர் கோட்டைவிடுவது கிரஷரில். முந்தைய மாதிரியின் நாலு ஜிர்கான் மணி இடுக்கில் ஒட்டியிருந்தால் இல்லாத வரலாறு ஒன்று முளைத்துவிடும். கம்பி பிரஷ், காற்று, பிறகு உங்கள் கல்லிலேயே ஒரு பிடியை ஓட்டிக் கொட்டிவிடுங்கள். சலிக்கும் நைலான் துணி மாதிரிக்கு ஒன்று. பொறுக்கும்போது அழகான மணிகளை மட்டும் பொறுக்காதீர்கள். மங்கல், உடைசல் எல்லாம் வேண்டும்.

ஹைப்பர்ஸ்தீன்:
இரண்டு வயதும் சரிதான், வெவ்வேறு கேள்விக்கு விடை. மணியின் நடுவில் மெல்லிய வரிவரியாகத் தெரிவது மாக்மா உறைந்தபோது வளர்ந்தது. அது 250 கோடி. வரியற்ற ஓரம், கோண்ட்வானா கண்டங்கள் மோதி ஒட்டிய காலத்து வெப்பத்தில் வளர்ந்தது. இந்த வித்தியாசம் சிஎல் படத்தில்தான் (எலக்ட்ரான் கற்றை பட்டு ஜிர்கான் ஒளிர்வதைப் பிடிக்கும் படம்) தெரியும். படம் இல்லாமல் லேசர் சுடுவது இருட்டில் கல்லெறிவது.

ஓரம் 15 மைக்ரான், லேசர் புள்ளி 30 மைக்ரான் என்றால் இரண்டும் கலந்து 140 கோடி மாதிரி ஒன்று வரும். அந்தக் காலத்தில் அங்கே எதுவுமே நடந்திருக்காது! ஆழம் போகப்போக ஈயம் 207/206 விகிதம் நகர்ந்தால் அந்தப் புள்ளியைத் தூக்கிப் போடுங்கள். தோரியம்/யுரேனியம் 0.1க்குக் கீழே இருந்தால் உருமாற்ற ஜிர்கான் என்ற சூத்திரத்தை கிரானுலைட்டில் (மிகுந்த வெப்பத்தில் உருமாறிய பாறை) நம்பாதீர்கள், அதற்கு மேலேயும் வரும்.

வயது தெரிந்த தர ஜிர்கானான 91500 (106.5 கோடி) வைத்துத் திருத்தம் செய்தால், இன்னொரு தர ஜிர்கானான பிளெஷோவிச்சேவை (33.7 கோடி) தெரியாத மாதிரி போல இடையிடையே சுட்டுச் சரிபாருங்கள்.

கூழாங்கல்:
என் மணிகளில் ஓரம் நிஜமாகவே 15 மைக்ரான்தான். வழியே இல்லையா?

ஹைப்பர்ஸ்தீன்:
உண்டு. சில மணிகளை மெருகேற்றாமல் பதித்து, வெளிமுகத்திலிருந்தே உள்நோக்கிச் சுடுங்கள். முதலில் வரும் சிக்னல் ஓரத்துடையது. தின் செக்‌ஷனில் மோனசைட் கனிமம் இருந்தால் 55 கோடிக்கு அதுவே நல்ல சாட்சி.

கருங்கல்64:
ஒன்று விட்டுப்போச்சு. பின்னால் ஜிர்கானில் ஹாஃப்னியம் ஐசோடோப்பும் அளக்கும் எண்ணம் இருந்தால் அந்தப் புள்ளிக்கு 40–50 மைக்ரான் இடம் வேண்டும். வயதுப் புள்ளியை மணியின் நட்டநடுவில் சுட்டு இடத்தை அடைத்துவிடாதீர்கள்.