குப்பையில் போட்ட தாள் யாருக்குச் சொந்தம்?

செக்காலை ஆச்சி
போன வாரம் எங்க வீட்டுப் பிள்ளை டீக்கடையில வடை வாங்கிட்டு வந்துச்சு. சுத்தியிருந்த தாளைப் பிரிச்சா, என் மருமகளோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பேரு, வயசு, போன் நம்பர், சர்க்கரை, தைராய்டு எல்லாம் எண்ணெய்க்கு நடுவுல பளிச்சுன்னு தெரியுது.

அந்தத் தாளை மக்காத குப்பைப் பையில கட்டி, காலையில வர்ற வண்டியில போட்டோம். வண்டியில வர்றவுக தெரு முக்குலேயே பையைக் கொட்டிப் பிரிக்கிறாக. அட்டை ஒரு சாக்கு, பாட்டில் ஒரு சாக்கு, தாள் ஒரு சாக்கு. தாள் பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கேருந்து டீக்கடைக்குப் போகுது.

குப்பையைப் பார்த்தா ஒரு வீட்டுக் கதை முழுக்கத் தெரிஞ்சுபோகும். எந்த வீட்டுல பெரியவுகளுக்கு டயப்பர், எந்த வீட்டுல சாராய பாட்டில், யார் கர்ப்பம் பார்க்கிற அட்டை வாங்குனாக. நம்ம பக்கம் பொண்ணு கேட்டு வர்றவுக வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே தெருவுல விசாரிச்சிருவாக. வாசலைத் தாண்டிட்டாலும் என் வீட்டுப் பை என் வீட்டுப் பைதான். காரைக்குடி 2024-ல மாநகராட்சி ஆயிருச்சு. வண்டிக்காரவுக பையைப் பிரிக்கக் கூடாதுன்னு மாநகராட்சி உத்தரவு போடணும்.

கோட்டையூரான்
ஆச்சி, அந்தத் தாள் டீக்கடைக்குப் போனது தப்புதான். ஆனா பையைப் பிரிக்கவே கூடாதுங்கிறதை ஒத்துக்க மாட்டேன். எங்கம்மா பேட்டரி வண்டியில குப்பை எடுக்கப் போறவுக.

பிரிக்காம அப்படியே கொண்டு போனா மேற்பார்வையாளர்கிட்ட ஏச்சு வாங்கணும். சோறும் பாலிதீனும் கலந்து வந்தா உரக் கூடத்துல உரமே ஆகாது. வீட்டுக்காரவுகதான் பிரிச்சுக் குடுக்கணும்னு 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே வந்துருச்சு. மக்குறது, மக்காதது, அபாயக் கழிவுன்னு அப்ப மூணு பிரிவு. நாப்கினையும் டயப்பரையும் நல்லா சுத்திக் குடுக்கணும்னும் அதுலயே இருந்துச்சு. எத்தனை வீட்டுல செய்றாக?

கட்டைப் பையில வாழை இலைக்கு அடியில கெடந்த இன்சுலின் ஊசி எங்கம்மா கட்டை விரல்ல ஏறிருச்சு. அரசு ஆஸ்பத்திரியில மஞ்சக்காமாலைக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுத்தாக. முடிவு வர்ற வரைக்கும் எங்க வீட்டுல ஒருத்தரும் நிம்மதியாச் சாப்பிடல. அந்தப் பை எந்த வீட்டுப் பைன்னு அவுகளுக்குத் தெரியும். இன்னைய வரைக்கும் என்கிட்டகூடச் சொல்லல. கேட்டா, "நோயாளி இருக்கிற வீடுடா, விடு"ன்னு சொல்லிருவாக.

பாட்டில், அட்டை, இரும்பு வித்து வர்ற காசுதான் ஒப்பந்தச் சம்பளத்துக்கு மேல கையில நிக்கிற காசு. டீச்செலவும் என் தங்கச்சி பஸ் காசும் அதுலதான். இன்னொண்ணு. 2024-ல சென்னையில ஒரு வீட்டு வைர நெக்லஸ் குப்பையோட போய்ட்டு, தூய்மைப் பணியாளர்கள்தான் கிளறித் தேடி எடுத்துக் குடுத்தாக. பேப்பர்ல வந்துச்சு. நகை போனா பையைப் பிரிச்சுத் தேடச் சொல்றோம். மத்த நாள்ல தொடக் கூடாதுன்னா எப்படி?

தேவகோட்டை வக்கீல்
சட்டத்தை மட்டும் சொல்றேன். ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303-ம் பிரிவுப்படி, ஒருத்தர் வசம் இருக்கிற பொருளை அவர் சம்மதம் இல்லாம, நேர்மையில்லாத எண்ணத்தோட எடுத்தாதான் திருட்டு. வேண்டாம்னு நீங்களே வண்டியில போட்டது உங்க வசம் இல்லை. கேஸ் நிக்காது.

அமெரிக்காவுல 1988-லேயே இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. கிரீன்வுட்ங்கிறவர் மேல போதைப்பொருள் சந்தேகம். போலீஸ் குப்பை எடுக்கிறவர்கிட்டச் சொல்லி, அவர் வீட்டுப் பையை மட்டும் தனியா வாங்கிப் பிரிச்சாங்க. தெருவோரம் வச்ச குப்பைக்கு அந்தரங்க உரிமை கேட்க முடியாதுன்னு 6-க்கு 2-ன்னு தீர்ப்பு. மாறுபட்ட நீதிபதி பிரெனன், அடுத்தவர் குப்பையைக் கிளறிப் பார்க்கிறது நாகரிகமான நடத்தைக்கு விரோதம்ங்கிற கருத்தை எழுதினார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரியுது.

நம்ம நாட்டுல 2017 புட்டசாமி வழக்குல 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அரசியல் சாசனம் 21-ம் பிரிவுக்குள்ள வர்ற அடிப்படை உரிமைன்னு சொல்லிருச்சு. ஆனா 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் தரவுக்கு மட்டும்தான். ஆச்சி வீட்டு ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல இருக்கிற வரைக்கும் அந்தச் சட்டம் பேசும். தாளா வடையைச் சுத்தி வந்தா பேசாது.

செக்காலை ஆச்சி
தம்பி, அம்மாவுக்கு நேர்ந்ததைப் படிச்சு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. கை இப்ப நல்லாருக்கா? அந்த வீட்டுப் பேரைச் சொல்லாம இருக்காகளே, அது அவுக குணம். நாளைக்கு அந்த வண்டிக்கு வேற ஆள் வருவாக. அவுகளுக்கும் அதே குணம் இருக்கும்னு நம்பி நான் எப்படிப் பையைக் கட்டுறது?

முனீஸ்வரன் கோவில் தெரு வியாபாரி
நான் இங்க பழம்பொருள் கடை வச்சிருக்கேன். ஆச்சி கேட்கிற மாதிரி உத்தரவு அந்தக் காலத்துலயே இருந்திருந்தா, செட்டிநாட்டு வரலாறு பாதி மண்ணுக்குள்ள போயிருக்கும்.

பழைய வீட்டை இடிச்சுப் பிரிக்கும்போது பர்மா தேக்குத் தூணும் நிலையும் முதல்ல விலை போயிரும். அப்புறம் எனாமல் சட்டி, பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம். கடைசியா மிஞ்சுறது மூட்டை மூட்டையாத் தாள். "அதையெல்லாம் குப்பை வண்டியில ஏத்திருங்க"ன்னு வீட்டுக்காரவுகளே சொல்லிட்டுக் கார்ல ஏறிருவாக. மூட்டையை அவுத்தா ரங்கூன் கடிதம், பினாங்குக் கடிதம், இசைகுடிமானம்னு சொல்ற கல்யாண ஒப்பந்தம் எழுதின ஓலை, மொய் நோட்டு, பேரேடு.

கோட்டையூர் ரோஜா முத்தையா என்ன செஞ்சார்? புத்தகத்தோட கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடிதம்னு ஊரார் வேண்டாம்னு விடுறதையும் சேர்த்தார். 1992-ல அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்குச்சு. 1994-ல சென்னையில அவர் பேருலேயே நூலகம் வந்துச்சு. இன்னைக்கு ஆராய்ச்சி பண்றவுக தேடி வர்றது அதைத்தான்.

கண்டனூர்ப் பேரன்
வியாபாரி அண்ணே, உங்க தெருவுல ஒரு கடையிலதான் எங்க தாத்தா பெருவிரல் ரேகையைப் பார்த்தேன்.

ஒரு புரோநோட்டு. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஸ்டாம்பு, அது மேல ஊதா மையில ரேகை. ரேகைக்குப் பக்கத்துல வேற யாரோ கையெழுத்துல எங்க தாத்தா பேரு, அவுக அப்பா பேரு, ஊரு. எவ்வளவு கடன், என்ன வட்டி, எந்தக் கண்மாய்ப் பாசனத்து நஞ்சையைக் காட்டி வாங்குனார்னு எல்லாம் இருக்கு. கண்ணாடிச் சட்டம் போட்டு, ஹோட்டல் சுவருக்கு நல்லாருக்கும்னு விலை சொன்னாக. தாத்தா கடனைத் தீர்த்தாரா, தீர்க்காமலே செத்தாரான்னு அதுல ஒரு வரி இல்ல. தீர்த்திருந்தா தாளைத் திருப்பிக் குடுத்திருக்கணும். குடுக்கல. இப்ப ஊருக்கே தெரியற மாதிரி தொங்குது.

ஆச்சி, நீங்க உங்க வீட்டு ரகசியம் வெளிய போச்சுன்னு கவலைப்படுறீக. பெரிய வீட்டுக் குப்பையில இருக்கிறது பாதி எங்க ரகசியம். கடன் குடுத்த வீட்டுக்காரவுகளுக்கு அது பழைய தாள், தூக்கிப் போட்டுட்டாக. கேட்டு வாங்க எங்களுக்குத்தான் ஒரு வழியும் இல்ல. கடன்பட்டவுக பேரன் பேத்தி எல்லாம் அதே ஊர்லதான் இருக்கோம்.

முனீஸ்வரன் கோவில் தெரு வியாபாரி
தம்பி, மனசு நோகத்தான் செய்யும், புரியுது. ஆனா மூட்டையில யார் பேரு இருக்குன்னு வித்தவுகளும் பார்க்கிறதில்ல, வாங்குறவுகளும் பார்க்கிறதில்ல. அந்தத் தாளைக் கரையான் அரிச்சிருந்தா, உங்க தாத்தா நஞ்சை வச்சிருந்தார்ங்கிறதுக்கே சாட்சி இருந்திருக்காது.

கண்டனூர்ப் பேரன்
சாட்சி இருக்கு அண்ணே. எங்க அப்பத்தா அந்த நஞ்சையைப் பத்திச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்துச்சு. அடமானம் போன கதையை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்ல. அது தெரிய வேண்டாம்னுதானே சொல்லாம இருந்துச்சு?

சிங்கப்பூர் வாசி
சின்னதா ஒரு காகிதம் அரைக்கும் மெஷின் வாங்கி வச்சா முடிஞ்சுபோற விஷயம். இதுக்கு ஏன் இவ்வளவு வாதம்?

பள்ளத்தூர் டீச்சர்
எல்லா வீட்டுலயும் மெஷின் வாங்க முடியாது ஐயா. எரிச்சிரலாம்னும் யாரும் சொல்லிராதீங்க, குப்பையைத் திறந்தவெளியில எரிக்கிறதை அதே 2016 விதிகள்லயே தடுத்துட்டாங்க. எங்க வீட்டுல தாளைக் கிழிச்சு ராத்திரி ஒரு வாளித் தண்ணியில ஊறப் போட்டுருவோம். காலையில பிசைஞ்சா கூழாயிரும், பிழிஞ்சு மக்கும் குப்பையில போட்டுரலாம். மாவு உருட்டுற கைக்கு இது ஒரு வேலையே இல்ல.

கூரியர் பையில ஒட்டுற லேபிள் பெரும்பாலும் சூட்டுல அச்சாகிற தாள். ஊறாது. இஸ்திரிப் பெட்டியை மேல வச்சு எடுத்தா முழுசாக் கறுத்துப் போகும், பேரும் நம்பரும் போயிரும். எக்ஸ்ரே பிலிமை வெள்ளிக்காகத் தேடி வாங்குறவுக உண்டு, அதனால ஓரத்துல இருக்கிற பேரைச் சுரண்டாமக் குடுக்காதீங்க. ஆதார் நகல் எங்கயாவது குடுக்கணும்னா கடைசி 4 எண் மட்டும் தெரியற நகலை எடுத்துக் குடுங்க. ஊசியை மூடியுள்ள கெட்டி டப்பாவுல போட்டு, மேல "ஊசி"ன்னு எழுதித் தனியாக் குடுங்க. கோட்டையூர்த் தம்பி எழுதினதைப் படிச்ச பிறகு இதைச் செய்யாம விட்டா பாவம்.

கோட்டையூரான்
கை நல்லாருக்கு ஆச்சி, கேட்டதுக்கு நன்றி. அம்மாகிட்ட இந்த விவாதத்தை வாசிச்சுக் காட்டினேன். "எழுத்து உள்ள தாளைத் தனியாக் கையில குடுக்கச் சொல்லு, சாக்குல போடாம ஈரக் குப்பையோட சேர்த்துருவேன். பாட்டிலையும் அட்டையையும் மட்டும் தடுத்துராதீக"ன்னு சொன்னாக.

செக்காலை ஆச்சி
அம்மா சொன்ன ஏற்பாடு எனக்குச் சம்மதம். பாட்டிலும் அட்டையும் அவுக எடுத்துக்கட்டும். ஆனா தெரு முக்குல கொட்டிப் பிரிக்கிறதுக்கு நான் ஒத்துக்கலை, அதுல மாற்றமில்ல. கவுன்சிலர்கிட்ட மனு குடுக்கப்போறேன். பிரிக்கிறதுக்குக் கூரையும் மேசையும் போட்ட இடம், ஊசி ஏறாத கையுறை, ரெண்டையும் கேட்டு எழுதுறேன். பழைய பேப்பர் கடைக்காரவுகளும் ஆஸ்பத்திரித் தாளையும் பேங்க் தாளையும் பொட்டலத்துக்கு விக்கக் கூடாது.

கண்டனூர்த் தம்பி சொன்னது மாநகராட்சி வேலை இல்ல, எங்க வீடுகளோட வேலை. எங்க வீடும் பத்துப் புள்ளிக்கு, அதாவது பத்துக் குடும்பத்துக்குப் பொதுவான வீடு, சீக்கிரம் காலி பண்ணப்போறோம். அடுத்தவுக பேரு இருக்கிற பத்திரத்தை முதல்ல பிரிச்செடுத்து வாரிசுகள்கிட்டச் சேர்க்கணும்னு பங்காளிகள்கிட்டப் பேசுறேன். எல்லாரும் ஒத்துக்குவாகன்னு சொல்ல மாட்டேன்.

முனீஸ்வரன் கோவில் தெரு வியாபாரி
வாரிசைத் தேடி முடிக்கிற வரைக்கும் தாள் பூட்டின வீட்டுல கிடந்தா கரையான் விட்டு வைக்குமா ஆச்சி? நூலகத்துக்குக் குடுங்க. பேரை வெளியிட வேண்டாம்னு எழுதி வாங்கிக்கலாம்.

கண்டனூர்ப் பேரன்
நூலகத்துக்குக் குடுக்கிறதுல எனக்கு மறுப்பில்ல அண்ணே. ஆராய்ச்சி பண்றவுக வட்டியைப் படிக்கட்டும், கணக்கைப் படிக்கட்டும். ஆனா ரேகை வச்ச தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விக்கிறதை ஒத்துக்க மாட்டேன். உங்க கடையில அந்த மாதிரி ஏதாவது மாட்டியிருந்தா இன்னைக்கே இறக்கி வைங்க. எந்த ஊரு, யார் பேருன்னு எனக்குத் தனியாச் சொல்லுங்க, அந்த வீட்டு ஆளுகளை நான் தேடிப் பிடிக்கிறேன்.