கால்மணி நகரமா, நடைவட்டமா?

வணக்கம் நண்பர்களே,

'15-minute city' என்ற நகரமைப்புக் கருத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். வந்த யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> 'பதினைந்து நிமிட நகரம்' என்றே விட்டுவிடலாம். எல்லோருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

புரிந்த மாதிரி தோன்றுகிறதே, அதுதான் சிக்கல். பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் முன்வைத்தது இது: வேலை, கடை, பள்ளி, மருத்துவம், பொழுதுபோக்கு எல்லாம் வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ கால்மணி நேரத்தில் எட்ட வேண்டும். மெல்போர்ன் 'இருபது நிமிடம்' என்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் மெல்போர்ன்தான் தாராளம். ஆனால் அவர்கள் கணக்கில் போக 10, வர 10. ஒரு வழிக்கு 800 மீட்டர்தான். பதினைந்தைவிட இருபது சிறியதாகிவிட்டது! எண்ணைச் சொல்லுக்குள் பூட்டினால் ஊருக்கு ஒரு கலைச்சொல் செய்ய வேண்டிவரும்.

'கால்மணி நகர்' எனக்கும் பிடித்திருந்தது. நடக்கிற காலும் மணியில் காலும் ஒரே சொல்லில் உட்காருவது லேசில் வாய்க்காது. இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். 'கால்மணி நகர் முதல் குறுக்குத் தெரு' என்று காதில் விழத் தொடங்கியதும் விட்டுவிட்டேன். ('அரை நாழிகை நகர்' அழகுதான். ஆனால் நாழிகைக்கு 24 நிமிடம், அதில் பாதி 12. மீதி மூன்றை எங்கே தேடுவது?)

'அண்மை நகர்', 'அருகமை நகர்' இரண்டுமே பக்கத்து ஊரைத்தான் சொல்கின்றன. அருகில் இருக்க வேண்டியது நகரம் அல்லவே, அதன் வசதிகள்.

> 'நடையெல்லை நகரம்' எப்படி?

இதில்தான் எனக்குக் கடுமையான மறுப்பு. 2023இல் ஆக்ஸ்ஃபோர்டில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சில சாலைகளில் கார்களைக் கட்டுப்படுத்தும் திட்டம் ஒன்று, வசதிகளை வீட்டருகே கொண்டுவரும் திட்டம் வேறொன்று. இரண்டும் குழம்பி, 'நம்மைப் பேட்டைக்குள் அடைக்கப் போகிறார்கள்' என்ற பேச்சாகிவிட்டது. அந்தப் பயத்தை நாமே 'எல்லை' என்று பெயரில் எழுதிக்கொடுக்க வேண்டுமா?

எல்லை வைத்த யோசனையும் வரலாற்றில் உண்டு. 1929இல் அமெரிக்க நகரமைப்பாளர் கிளாரன்ஸ் பெர்ரி, தொடக்கப் பள்ளியை நடுவில் வைத்து, பெருஞ்சாலைகளை நான்கு பக்க விளிம்பாக்கி ஒரு குடியிருப்பு அலகை வரைந்தார். அதற்கு 'அலகு' சரி. மொரேனோ சொல்வதில் நடுப்புள்ளி பள்ளி அல்ல, அவரவர் வீடு. என் வீட்டைச் சுற்றி ஒன்று, எதிர்வீட்டைச் சுற்றி இன்னொன்று. ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். வேலி போட இடமே இல்லை.

அதனால் என் பரிந்துரை: நடைவட்டம். ஷாங்காய்க்காரர்களும் நகரம் என்று சொல்லாமல் 'வாழ்க்கை வட்டம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 'வட்டம்' என்றால் தாலுகா ஆயிற்றே என்பீர்கள். 'நண்பர் வட்டம்' என்றால் யாரும் தாசில்தாரைத் தேடுவதில்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்:

"எங்கள் நடைவட்டத்தில் மருந்துக்கடை இல்லை."
"புதிய நூலகம் எத்தனை வீடுகளின் நடைவட்டத்துக்குள் வருகிறது?"

இரண்டாவது கேள்வியைப் 'பதினைந்து நிமிட நகரம்' வைத்துக் கேட்டுப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். எண் வேண்டுமென்றால் '15 நிமிட நடைவட்டம்' என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். கொள்கையின் பெயராக வேண்டுமிடத்தில் 'நடைவட்ட நகரமைப்பு'.

குறை இருக்கிறது. சைக்கிள் வெளியே நிற்கிறது. அதோடு, நிஜத்தில் அது வட்டமும் அல்ல. நடுவே ரயில் பாதை ஓடினால், கண்ணெதிரே தெரிகிற பள்ளிக்கும் மேம்பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். வட்டம் அந்தப் பக்கம் நசுங்கிவிடும். வரைபடத்தில் அந்த நசுங்கிய உருவத்தின் விளிம்புக்கு, அதாவது வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் எட்டக்கூடிய இடங்களை இணைக்கும் கோட்டுக்கு (isochrone), 'சமகாலக் கோடு' என்று முன்பு எழுதியிருந்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். 'சமகாலம்' என்றதும் இலக்கியக் கூட்டம் ஞாபகம் வருகிறது. 'சம உயரக் கோடு' போல 'சமநேரக் கோடு' என்று வைத்துக்கொள்ளலாமா? சைக்கிளுக்கும் இடம் தருகிற சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், நடைவட்டத்தை விட்டுக்கொடுக்கத் தயார்.