வீட்டுக் குழு: கதிர் மெந்தாவாயிலிருந்து

கதிர்: எல்லோருக்கும் வணக்கம். சர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது) படம் எடுக்கப் படகில் வந்ததிலிருந்து இத்தனை நாள் சிக்னலே இல்லை, இப்போதுதான் சிப்போரா தீவில் ஒரு கிராமத்துப் பக்கம் டவர் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

மாலா சித்தி: அப்பாடா. அக்கா போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அது எங்கேப்பா இருக்கிறது?

கதிர்: மெந்தாவாய் தீவுகள் சித்தி. சுமத்ராவுக்கு மேற்கே, பாடாங் துறைமுகத்திலிருந்து ஒரு ராத்திரி படகில் வர வேண்டும்.

மாலா சித்தி: சுமத்ராவா!! 2004இல் அங்கிருந்துதானே நம்ம ஊருக்குத் தண்ணீர் வந்தது

கதிர்: அது வடக்கே, ஆச்சே பக்கம். இது தெற்கே, ரொம்ப தூரம்.

தர்ஷினி: 2010 அக்டோபர் 25 அன்று மெந்தாவாயிலேயே சுனாமி வந்திருக்கிறது, 400 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். இப்போதுதான் தேடிப் பார்த்தேன்

கதிர்: தர்ஷினி, இதை இந்தக் குழுவிலா போடுவாய்?

அம்மா: படித்துவிட்டேன்.

கதிர்: அம்மா, நிலம் ஆடினால் உடனே ஆழத்துக்கு ஓட்டிவிடுவோம் என்று கேப்டன் முதலிலேயே சொல்லிவிட்டார். பெரியப்பாவைக் கேளுங்கள்.

பெரியப்பா: உண்மைதான். அன்றைக்கு ஆழ்கடலில் இருந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, கரைக்கு வந்து பார்த்தால் வீட்டைக் காணோம். சரி அதை விடு. அங்கே என்ன காற்று?

கதிர்: காற்றே இல்லை பெரியப்பா. நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறோம், பாய் ஏற்றினால் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்குகிறது, பாய்மரப் படகு என்று பேர்தான், பாதி வழி இன்ஜினில்தான் வந்தோம். ஆனால் படத்துக்கு அதுதான் நல்லது. இங்கே உடைகிற அலை இங்கே எழுந்ததில்லை. தெற்கே இப்போது குளிர்காலம், அங்கே அடிக்கிற புயலில் கிளம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 14, 16 விநாடி. உள்ளூர்க் காற்று கலைக்காததால் சுருக்கமில்லாமல் வந்து, பவளப்பாறையில் ஏறியதும் அப்படியே குழாயாகச் சுருள்கிறது.

பெரியப்பா: அந்த அலை நமக்கு அவ்வளவாக வராது, இலங்கை மறித்துக்கொள்கிறது. நம்ம கடலில் காற்று எழுப்புகிற அலைதான், மூச்சுவிட நேரம் தராமல் அடுத்தது ஏறும்.

தர்ஷினி: அண்ணா, படகில் இருந்தபடியே எடுக்கிறாயா, தண்ணீரில் இறங்கியா?

கதிர்: இரண்டும். பாறைக்குப் பக்கத்தில் ஆழமான வாய்க்கால் ஒன்று இருக்கும், அதில் அலை உடையாது, படகை அங்கே நிறுத்திப் பெரிய லென்ஸில் எடுக்கலாம். ஆனால் அது காலண்டர் படம்தான். நீந்திப் போனால்தான் குழாய்க்குள்ளே இருந்து எடுக்கலாம். காலில் ஃபின்ஸ், தலையில் ஹெல்மெட், ஹவுசிங் என்கிற தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமரா, ரொம்ப அகலமாகக் காட்டுகிற ஃபிஷ்ஐ லென்ஸ். அந்த லென்ஸில் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் ஆளாகத் தெரிவான், கொஞ்சம் தள்ளிப் போனாலே புள்ளி. அதனால் பலகையில் வருகிறவன் என்மேல் ஏறுகிற மாதிரி வருவான், நான் ஷட்டரை விடாமல் அமுக்கிக்கொண்டே அலைக்கு அடியில் மூழ்க வேண்டும். முன்கண்ணாடியில் ஒரு சொட்டு நின்றாலும் படம் போச்சு, அதற்காக நாக்கால் நக்கித் தண்ணீரில் முக்கி எடுப்போம்.

மாலா சித்தி: சீ! கடன் வாங்கி கேமரா வாங்கியது நக்குவதற்கா

பாண்டி மாமா: காலண்டர் படம் என்று லேசாகச் சொல்லாதே மாப்பிள்ளை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சர்ஃபிங் பாரிஸில் நடக்கவில்லை, பசிபிக் கடலில் இருக்கிற தாஹித்தித் தீவில் நடத்தினார்கள். அங்கே ஜெரோம் புரூயே எடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது, பிரேசில்காரர் மெதினா விரலை உயர்த்தியபடி அந்தரத்தில் நிற்க, பக்கத்தில் பலகையும் நிற்குமே, அது படகிலிருந்து எடுத்ததுதான்.

கதிர்: ஒத்துக்கொள்கிறேன் மாமா. அலை முடிகிற இடத்தில் மெதினா ஏதாவது செய்வார் என்று தெரிந்து காத்திருந்திருக்கிறார். எடுத்த நாலு படத்தில் ஒன்று அது.

பெரியப்பா: நீ எதைப் பார்த்து இறங்குகிறாய்?

கதிர்: நீங்கள் கட்டுமரம் தள்ளும்போது பார்ப்பதைத்தான். அலை கூட்டமாக வரும், கூட்டம் போனதும் கடல் கொஞ்சம் ஓயும், அந்த நேரத்தில் உள்ளே போய்விடுவேன். திரும்ப வெளியே வர வாய்க்காலில் ஓடுகிற நீவாடு, அதாவது நீரோட்டம், இழுத்துக்கொண்டு போய்விடும், கை வலிக்காது.

பெரியப்பா: கூட்டத்தில் முதல் அலையை நம்பாதே. பின்னால் வருவது பெரிதாக இருக்கும்.

அம்மா: இதில் வருமானம் என்னடா?

கதிர்: பத்திரிகைக்கு விற்று வாழ்ந்த காலம் போய்விட்டது அம்மா. படகில் இருக்கிற சர்ஃபர்கள் தங்கள் படத்துக்குக் காசு தருகிறார்கள், படகுச் செலவு அதில் கழிந்துவிடும். கையில் நிற்பது கல்யாண சீசனில் எடுக்கிற படக் காசுதான்.

தர்ஷினி: அடுத்த தடவை நானும் வருகிறேன்

மாலா சித்தி: பொட்டப்பிள்ளை கடலில் என்ன செய்வாய்

தர்ஷினி: பாண்டிச்சேரிக்காரி ரூபா அழகிரிசாமி என்ன செய்தாராம்? நேவியில் அவரும் தில்னாவும் மட்டும், தாரிணி என்கிற பாய்மரப் படகில், 2024 அக்டோபர் 2 கோவாவில் கிளம்பி உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள், தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கிற கேப் ஹார்ன் வழியாக

மாலா சித்தி: அவர் நேவி ஆபீசர். நீ அரியரை முடி.

பெரியப்பா: ஞாயிறு காலை தேவனாம்பட்டினம் வா பாப்பா, முதலில் அலைக்கு அடியில் மூழ்கப் பழகு. கேமரா வேண்டாம், துண்டு எடுத்து வா.