கட்டுரையை மென்பொருள் திருத்தினால் நம்பலாமா?

திருகோணமலை உவர்மலையில் ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு ரியூசன் எடுக்கிறேன். 42 கட்டுரை திருத்திக் கை ஓய்ந்துபோய், போன கிழமை ஒரு மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தேன். சல்லிக் கிராமத்தில் தகப்பனோடு கரைவலை இழுத்ததை ஒரு பிள்ளை அவ்வளவு உயிரோடு எழுதியிருந்தாள், அதற்கு 15க்கு 6, ‘வாடி’ (மீனவர் குடில்), ‘மடி’ (வலையின் பை) எல்லாம் பிழையாம். பாடமாக்கி எழுதியவனுக்கு 12. மனது கேட்கவில்லை.

பதில் 1: ரீச்சர், இது பழைய சிக்கல். 1966இல் அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் என்ற ஆய்வாளர் கணினியால் கட்டுரை திருத்தத் தொடங்கியபோதே அது கருத்தை வாசிக்கவில்லை. கட்டுரையின் நீளம், காற்புள்ளி, சொல்லின் நீளம் போன்றவற்றை எண்ணி, ஆசிரியர்கள் போட்ட புள்ளியோடு பொருத்தியது. 1999இல் ஜிமேட் என்ற மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வில் இ-ரேட்டர் என்ற திருத்தும் மென்பொருள் வந்தபோதும் ஒரு மனிதரும் சேர்ந்தே திருத்தினார், இரண்டு புள்ளிக்கும் இடைவெளி கூடினால் இன்னொருவர் பார்த்தார்.

பதில் 2: எம்சிகியூ (பல்தேர்வு வினா) என்றால் தாராளமாகக் கொடுங்கள், ஒரே விடைதானே. கட்டுரைக்கு வேண்டாம் அக்கா. எங்கள் ஊர்ப் பேச்சை அது எங்கே படித்திருக்கப் போகிறது?

ரீச்சர்: சரி, எழுத்துப்பிழை பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்கு 13 போட்டுவிட்டேன்.